பேட்டரி சார்ஜ் வரம்பு

பேட்டரி சார்ஜ் வரம்பு என்பது கைபேசி, மடிக்கணினி, மின்சார வாகனம் ஆகியவற்றின் லித்தியம் அயனி பேட்டரியை முழுதாக நிரப்பாமல், 80 அல்லது 90 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் ஏற்பாடு. பேட்டரியின் ஆயுளைக் கூட்டுவதே இதன் நோக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்–வாலாஜாபாத் தொழில் வட்டாரத்தில் உருவாகும் கைபேசிகளிலும் மின்சாரக் கார்களிலும் இவ்வசதி உண்டு.

அடிப்படை

சார்ஜ் ஏற ஏற செல்லின் மின்னழுத்தம் கூடுகிறது. வழக்கமான செல்லில் இது 4.2 வோல்ட் வரை போகும். புதிய கைபேசிகள் பலவற்றில் அதையும் தாண்டும். அந்த உச்சத்தில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதையத் தொடங்குகிறது. கிராஃபைட் மின்முனையின் மேல் படலம் தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் மறுபடி பயன்படாது. வெப்பம் இந்த வினைகளை விரைவுபடுத்தும். கத்திரி வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் வழிகாட்டிக்கொண்டே 100 விழுக்காடு சார்ஜில் நிற்கும் போனுக்கு இரண்டு கேடும் ஒருசேர வருகின்றன.

வட்டாரத் தயாரிப்புகளில்

சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2023-இல் ஐபோன் 15 உற்பத்தி தொடங்கியது. 80 விழுக்காட்டு வரம்பு ஐபோனில் முதலில் வந்தது இந்த வரிசையில்தான். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18, 80 முதல் 100 வரை ஐந்து ஐந்தாகக் கூட்டி வைக்க வழி செய்தது. 1,000 முழுச் சுற்றுகளுக்குப் பின்னும் ஐபோன் 15 பேட்டரியில் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு எஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் கூறுகிறது; முந்தைய மாடல்களுக்கு அது 500 சுற்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் தயாரிக்கும் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. இதில் சார்ஜ் வரம்பைத் திரையிலேயே குறித்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

வரம்பு வைத்தால் அன்றாடம் கிடைக்கும் பயன்பாட்டு நேரம் குறையும். ஏற்கெனவே இழந்த கொள்ளளவும் இதனால் திரும்பாது. சார்ஜ் அளவைச் சரியாகக் கணிப்பதற்காக, வரம்பு வைத்த ஐபோனும் அவ்வப்போது 100 வரை ஏறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொண்ட கார்களை அடிக்கடி முழுதாகச் சார்ஜ் செய்யும்படி சில நிறுவனங்களே பரிந்துரைக்கின்றன. ஆகவே வாகனக் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

வீட்டிலோ பணியிடத்திலோ சார்ஜர் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர்கள் 80-ஐயே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். நெடும்பயணத்துக்கு முன் மட்டும் 100 வரை ஏற்றினால் போதும். எந்த வரம்பு வைத்தாலும் சார்ஜ் ஏறும்போது சாதனத்தை வெயிலில் விடக் கூடாது.