நாலு சிலிண்டருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்

"உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார், கவிதை நிறைய வந்துவிட்டது" என்று மலர்க்குழுத் தம்பி போனில் கேட்டார். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது டீசல், கிரீஸ், மண். ஆகவே ஒரு பழைய புல்டோசரின் சரித்திரத்தையும், அதன் எதிரில் நான் தலைகுனிந்து நின்ற ஒரு நாளையும் எழுதுகிறேன். என்னோடு படித்தவர்கள், "இவன் இன்னும் அந்த செயின் வண்டியை விடவில்லையா!" என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

இந்த செயின் டிராக்டர் வம்சம் பிறந்த இடம் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊர். அங்கே ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பு நிலம் நம் ஏரி வண்டலைவிட மோசம். நீராவி டிராக்டரை இறக்கினால் புதைந்துவிடும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1904 நவம்பர் 24 அன்று பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் பின்சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மரப்பலகை பதித்த சங்கிலிப் பட்டைகளை மாட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி ஊர்ந்து போவதைப் பார்த்த புகைப்படக்காரர் ஒருவர் "கம்பளிப்பூச்சி மாதிரி போகிறதே" என்று சொன்னாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஹோல்ட் கம்பெனியும் அதன் போட்டிக் கம்பெனியான பெஸ்ட்டும் 1925-ல் ஒன்றாகி, கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி உருவாயிற்று.

அதுவரை வண்டிகள் ஓடியது பெட்ரோலில். ருடால்ப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-லேயே வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியிருந்தாலும், கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் பொருந்திய அந்தப் பெரிய உருவத்தை இந்த வண்டிகளுக்குக் கொண்டுவர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கேட்டர்பில்லரின் முதல் டீசல் டிராக்டர் 1931-ல் வந்தது. நாலு சிலிண்டர், முழு வேகமே நிமிடத்துக்கு 700 சுற்று. இன்றைய மாணவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த 700 சுற்றில் வெடிப்புகளின் தாளத்தைக் காதால் பிடித்துவிடலாம். பழைய மெக்கானிக்குகளின் வித்தைக்குப் பாதி காரணம் அதுதான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் எண்ணெயைப் பீச்ச வேண்டும். குளிர்ந்து கிடக்கிற பெரிய எஞ்சினை அந்த அழுத்தத்துக்கு எதிராகச் சுழற்றுவது எப்படி? அன்றைய பேட்டரிகளை நம்ப முடியாது. அதிலும் காட்டில் வாரக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டி. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் போனி மோட்டார். பெரிய எஞ்சினின் விலாவில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் குட்டி போல ஒட்ட வைத்தார்கள். அதைக் கையால் சுழற்றிக் கிளப்பி, கிளட்ச் போட்டால் அது பெரியதைச் சுழற்றும். முதலில் டிகம்ப்ரஷன் லீவரைத் தள்ளி வால்வுகளைத் திறந்து வைத்து, சுமை இல்லாமல் சுற்ற விடுவார்கள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஆகவே குட்டியின் சூடு தாய்க்கு ஏறும். குட்டியின் புகை, தாய் இழுக்கும் காற்றுக் குழாயைச் சுட வைக்கும். முதல் வெடிப்புக்கு முன்பே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு லீவரை மாற்றினால் எஞ்சின் அழுத்தத்தில் திமிறும், குட்டி முனகும், கரும்புகை ஒன்று வானத்துக்குக் கிளம்பும். அவ்வளவுதான், வண்டி எழுந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், பிற்பாடு என் கதைக்கு இது தேவை. 1930-களில் இந்த டீசல்களுக்கு ஒரு பெரிய நோய் வந்தது. பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. வெடிப்பு வாயு கீழே கசிந்து கிராங்க் கேசுக்குள் போனது, ஆயில் மேலே ஏறி எரிந்தது. சாதாரண ஆயில் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. கரியைக் கழுவிக் கொண்டுபோகும் சோப்புக் குணம் கொண்ட ஆயிலைத் தேடினார்கள். கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த டெலோ அப்படிப் பிறந்ததுதான். இன்று நாம் லாரியில் ஊற்றுகிற ஆயில்களெல்லாம் அந்த வழியில் வந்தவையே. "டீசல் எஞ்சின் தளர்ந்தால் முதலில் ரிங்கைச் சந்தேகி" என்பது அந்தக் காலத்தில் எழுதப்பட்ட புத்தகங்களில் ஊறிப்போன பாடம். நம் காலத்தில் நாம் படித்ததும் அவற்றின் வாரிசுகளைத்தானே.

இரண்டாம் உலகப் போர் இந்த வண்டிகளை உலகமெங்கும் இறைத்தது. அஸ்ஸாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட லெடோ சாலையில் மலையை அறுத்தவை இவைதாம். போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டு நம் அரசு 1947-ல் மத்திய டிராக்டர் அமைப்பைத் தொடங்கியது. மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரை 'காஸ்' என்ற நாணல் புல் பிடித்துக் கிடந்தது. அதன் வேர் ஆழத்தில் ஓடும். மாட்டு ஏருக்கு மசியாது. செயின் டிராக்டரால்தான் அதைக் கிழிக்க முடிந்தது. இதற்கு இயந்திரம் வாங்க 1949-ல் உலக வங்கி நமக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. உணவுப் பஞ்சத்தில் தவித்த நாட்டில் அந்த வண்டிகளுக்கு இருந்த மரியாதையை இன்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நான் வேலையில் சேர்ந்த அலுவலகத்தில் இருந்ததும் அப்படி ஒரு போர்க்காலத்து டி 7. நாலு சிலிண்டர், ஐந்தே முக்கால் அங்குல போர், 8 அங்குல ஸ்ட்ரோக், 1,000 சுற்று. மஞ்சள் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் பட்டாளத்துப் பச்சை தெரியும். விவசாயிகள் மணிக்கணக்கில் வாடகை கட்டி நிலம் சமன் செய்து கொள்வார்கள்.

1970-ம் வருஷம், ஆனி மாதம். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மேட்டு நிலத்தைச் சமன் செய்து வரப்புக் கட்டும் வேலை. ஏழெட்டுக் குடும்பங்கள் பணம் கட்டியிருந்தார்கள், ஆடிப் பட்டத்துக்கு நிலக்கடலை போட்டாக வேண்டும். வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் மண் தள்ளும். அப்புறம் மெல்ல மெல்ல சக்தி குறைந்து, பிளேடைத் தூக்கினாலும் தேறாமல், அப்படியே அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். ஒரு வாரம் இந்தக் கூத்து.

நான் ஜீப்பில் போய் இறங்கினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், கையில் புத்தகம். ப்ரீதர் குழாயில் கையை வைத்தேன், குப்குப்பென்று ஆவி அடித்தது. காலையில் கிளப்பும்போது நீலப்புகையும் வந்தது. போதாதா? ரிங் போய்விட்டது, கம்ப்ரஷன் இல்லை, முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டி, ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பினேன். டேஷ்போர்டில் இருந்த பியூயல் பிரஷர் கேஜ் பல வருஷமாக ஓடாமல் கிடந்தது. அதை மாற்றிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெளிநாட்டு ரிங் செட்டுக்கு அனுமதி வரவேண்டும் என்று பதில் வந்தது. வண்டி ஒரு புளியமரத்தடியில் 40 நாள் நின்றது. இடையில் நல்ல மழை ஒன்று பெய்தது.

எங்கள் போர்மேன் அப்போது வேறொரு முகாமில் இருந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவர். போரின்போது பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் கை பழகியவர். ஆடி பாதியில் திரும்பி வந்தவரை அழைத்துக்கொண்டு போனேன், எஞ்சினைக் கழற்றி இறக்குவதற்காக!

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, நாலு சிலிண்டரும் ஒண்ணா தளருதா, இல்ல ஒண்ணு ரெண்டு முந்திக்குதா?"

"எல்லாம் ஒண்ணாத்தாண்ணே. திக்காம திணறாம அப்படியே அடங்குது."

"அடங்கும்போது புகை எப்படி?"

"புகையே இல்லைண்ணே. சுத்தமா இருக்கும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுமையில் திணறுகிற டீசல் கரும்புகை கக்கும், ரிங் போனது நீலம் கக்கும். புகையே இல்லாமல் சாகிறது என்றால் அதற்குச் சாப்பாடு போகவில்லை என்று பொருள். தியரி எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை நான் டிரைவரிடம் கேட்கவே இல்லையே.

போர்மேன் போனி மோட்டாரைக் கிளப்பச் சொன்னார். பெரியது சூடேறியதும் டீசலைத் திறக்காமலே லீவரை அழுத்தத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குட்டி எஞ்சின் முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒரே கனத்தில், தாளம் தப்பாமல் நாலு முனகல். ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் முனகல் லேசாகியிருக்கும். நாலும் தளர்ந்திருந்தால் முனகலே இருக்காது. 1931-ல் ஸ்டார்ட் செய்வதற்காக வைத்த குட்டி எஞ்சினை இந்த மனுஷன் கம்ப்ரஷன் கேஜாகப் பயன்படுத்தினார். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

என் பக்கம் திரும்பி, "கம்ப்ரஷன் இருக்குங்க சார்" என்றார். "வயசான எஞ்சின், கொஞ்சம் ஆவி விடும்தான். அது மூட்டுவலி மாதிரி, அதனால ஆள் சாகமாட்டான். நாலு பிள்ளைக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தா பிள்ளைங்களைப் பார்க்கக் கூடாதுங்க, கிணத்துத் தண்ணியப் பார்க்கணும்."

அப்புறம் டிரைவரிடம் கடைசியாக ஒரு கேள்வி. "டேங்க் ரொம்ப ஊத்தின அன்னிக்குச் சீக்கிரம் நிக்குமா, கம்மியா இருந்த அன்னிக்கா?"

டிரைவர் யோசித்தார். "ரொம்ப ஊத்தின அன்னிக்குத்தாண்ணே சீக்கிரம் படுத்துக்கும்!"

போர்மேன் எழுந்து போய் டேங்க் மூடியைப் பார்த்தார். புது மஞ்சள் பெயிண்ட் பளபளவென்றிருந்தது. சித்திரையில் மேலதிகாரி ஒருவரின் இன்ஸ்பெக்ஷனுக்காக வண்டி முழுதும் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அது பெயிண்ட்டில் அடைபட்டிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. உள்ளே வெற்றிடம் கூடக் கூடப் பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, ஆகவே வெற்றிடம் சீக்கிரம் கடுமையாகும். காலையில் டிரைவர் டீசல் அளக்க மூடியைத் திறப்பார், எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் தினமும் காலையில் வண்டி நல்ல பிள்ளையாக இருந்தது.

இருந்தாலும் அவர் உடனே துவாரத்தைக் குத்திவிடவில்லை. டேங்க்கை நிரப்பச் சொல்லி, வண்டியை மண் தள்ள விட்டார். முக்கால் மணி நேரத்தில் வண்டி அடங்க ஆரம்பித்தது. அப்போது என்னைக் கூப்பிட்டு, "நீங்களே திறங்க சார்" என்றார். மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. இரண்டு மூச்சில் எஞ்சின் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. சைக்கிள் ஸ்போக் ஒன்றை வாங்கித் துவாரத்தைக் குத்திவிட்டார். வேலை முடிந்தது.

வரப்பில் நின்ற ஒரு பெரியவர், "அப்ப இவ்வளவு நாளும் மூடியத் திறந்து வெச்சிருந்தா ஓடியிருக்குமா சாமி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மிச்ச நிலத்தைச் சமன் செய்து முடிக்க ஆவணி ஆகிவிட்டது. அந்த வருஷம் அந்த ஏழெட்டுக் குடும்பத்தில் பாதிப்பேர் கடலை போடவில்லை, கொள்ளு விதைத்தார்கள்.

அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதம் இன்றும் மனப்பாடம். 'எரிபொருள் அமைப்பில் இருந்த சிறு பழுது என் நேரடி மேற்பார்வையில் நீக்கப்பட்டது, ஓவர்ஹால் தேவையில்லை, அரசுக்குச் செலவு மிச்சம்.' போர்மேன் பெயர் அதில் இல்லை. யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது என்பதும் இல்லை. செலவை மிச்சப்படுத்தியதற்காகப் பாராட்டுக் கடிதம் எனக்கு வந்தது. அதை அவரே கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "நல்லதுங்க சார்" என்றார். கிண்டலா, இல்லையா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம், அன்றே மேலே இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர் போர்மேனாகவே ரிட்டயர் ஆனார்.

பிறகு பெங்களூர் பி.ஈ.எம்.எல். தயாரிப்புகள் வந்தன, பேட்டரி ஸ்டார்ட்டர் வந்தது, போனி மோட்டாரைக் கிளப்பத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. டி 7 கண்டமாகி ஏலத்தில் போனபோது அதன் பழைய லாக் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். 1970 ஆடி மாதத்துப் பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: 'டேங்க் மூடி துவாரம் அடைப்பு. எடுத்தாச்சு. வண்டி ஓடுது. கேஜ் மாத்தணும்.'

கேஜை நாங்கள் கடைசிவரை மாற்றவில்லை.