கடவுச்சொல் பட்டியல் யாரிடம் இருந்தது?

கடவுச்சொல் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது திருடன். வெளியிலிருந்து ஒருவன் வருவான், அவனைத் தடுக்க ஒரு பூட்டு. ஆனால் கணினிக்குள் கடவுச்சொல் நுழைந்த கதையில் திருடனே இல்லை. அங்கே இருந்தது பங்கீட்டுப் பிரச்சினை, கிட்டத்தட்ட கூப்பன் கடை மாதிரி.

1960களின் தொடக்கத்தில் கணினி ஒரு அறையை நிரப்பும் இயந்திரம். ஒருவருடைய வேலை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, பலர் ஒரே நேரத்தில் ஒரே இயந்திரத்தைப் பாவிக்கும் சி.ரி.எஸ்.எஸ். என்ற முறைமையை 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. பலர் பாவித்தால் யாருடைய கோப்பு எது, யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வேண்டுமே. அதற்காக வந்ததுதான் ஆளுக்கொரு கடவுச்சொல்.

அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 மணித்தியாலம். ஆய்வுக்கு அது காணாது. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், அப்படியே வாசிக்கக்கூடிய எழுத்தில் கிடந்தன. 1962 இல் அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லித் துளையட்டையில் ஒரு கோரிக்கை கொடுத்தார், அச்சாகி வந்தது. பிறகு மற்றவர்களின் நேரத்தில் தன் வேலையைத் தொடர்ந்தார். கால் நூற்றாண்டு கழித்துத்தான் இதை ஒப்புக்கொண்டார். ஆய்வேடு முடிக்கத் திணறுகிற எவருக்கும் அவர்மேல் பெரிதாகக் கோபம் வராது எண்டுதான் நினைக்கிறோம்.

அதே முறைமையில் சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். நிர்வாகிகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து பாவித்தார்கள். ஒருவர் அன்றைய அறிவித்தலைத் திருத்த, இன்னொருவர் அதே நேரத்தில் கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பில் மோதி இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்தியாக வந்தது முழுக் கடவுச்சொல் பட்டியல்! யாரும் உடைத்து உள்ளே வரவில்லை. ஒரு கணக்கில் ஒரு ஆள்தான் இருப்பார் என்று செய்யப்பட்ட இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு பாஸ்வேர்ட்டை முழு பட்ச்சுக்கும் அனுப்புகிற நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

பட்டியலை அப்படியே வைக்கக்கூடாது என்பது பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸில் நடைமுறைக்கு வந்தது. அரிசியை அரைத்து மாவை மட்டும் வைத்திருப்பதைப் போன்ற வேலை அது. நீங்கள் தருகிற சொல்லை அரைத்துப் பார்த்து, மா ஒத்துப்போனால் உள்ளே விடும். மாவிலிருந்து அரிசியைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் எந்த அரிசி என்று ஊகிக்கலாம். ரொபேர்ட் மொரிசும் கென் தொம்சனும் 1979 இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். 2,831 இலகுவில் ஊகிக்கக்கூடியவை. 15 பேருடையது ஒரே ஒரு எழுத்து.

1983 இல் எம்.ஐ.ரி. அதீனா திட்டத்தைத் தொடங்கி வளாகமெங்கும் கணினிகளை வைத்தபோது சிக்கல் மாறியது. மாணவர் முன்னால் இருக்கிற கணினியையே நம்ப முடியாது, அவர் அதை எப்படியும் மாற்றிவைக்கலாம். அதற்குப் பதிலாகத்தான் கேர்பரோஸ் வந்தது. கிரேக்கக் கதையில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. இதில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. நடுவில் உள்ள ஒரு சேவையகம் சில மணித்தியாலத்தில் காலாவதியாகும் ரிக்கெற் தரும், அதைக் காட்டி அச்சுப்பொறிக்கும் போகலாம், அஞ்சலுக்கும் போகலாம். விண்டோஸ் 2000 இதை எடுத்துக்கொண்ட பிறகு இது கம்பனிகளின் வழமையாகிவிட்டது. காலையில் ஒருமுறை உள்நுழைந்தால் பல மென்பொருள்கள் திறக்கும். ஒருவர் வேலையை விட்டால் ஒரு கணக்கை மூடினால் போதும். அந்தச் சேவையகம் யாருடைய கையில் இருக்கிறதோ, அவரிடம் எல்லா வாசலும் இருக்கிறது.

கோர்பாட்டோ 2019 இல் காலமானார். அதற்கு ஐந்து வருடம் முன்பு ஒரு செய்தியாளரிடம் பேசியபோது, தன் கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்து மூன்று பக்கங்களில் வைத்திருப்பதாகச் சொன்னார்.