பந்தல்குடிக்கு மேலே ஓடும் மின்சாரம்

பந்தல்குடியில் உச்சி வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்தான் கூசும். ஆனால் அங்கிருந்து ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலெல்லாம் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதன் இருபுறமும் சில நூறு கிலோமீட்டருக்கு இந்த ஓட்டம் உண்டு. நம்ம கரிசக்காடும் அதுக்குள்ளதான் வருது.

இதன் தடயத்தை முதலில் காட்டியது காந்த ஊசி. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் புரூன், 1855-ல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் கட்டி, ஊசியின் அன்றாட அசைவைக் குறித்துவைத்தார். மலையின் உயரம் 2 கிலோமீட்டர்கூட இல்லை. காரணமோ நூறு கிலோமீட்டருக்கு மேலே இருந்தது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் மின்சாரம் ஓடலாம் என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-ல்தான் எழுதினார். நடுக்கோட்டு ஓட்டத்துக்கு 'எலெக்ட்ரோஜெட்' என்று சிட்னி சாப்மன் பெயர் வைத்தது 1951-ல். ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த நடுக்கோடே காரணம். 1964-ல் அங்கிருந்து காந்தமானியோடு போன ராக்கெட்டுகள் அந்த ஓட்டத்தையே ஊடுருவி அளந்தன.

அடுத்து செயற்கைக்கோள்கள். தரையில் இருக்கும் கருவிக்கு ஓட்டம் தலைக்கு மேலே. செயற்கைக்கோளுக்கு அது காலுக்குக் கீழே. அதனால் நண்பகலில் தரையில் காந்தப்புலம் கூடும்போது, மேலே அதே ஓட்டம் குறைவாகப் பதிவாகும். 1979-ல் நாசா அனுப்பிய மேக்சாட் காலை, மாலை நேரங்களை ஒட்டியே சுற்றியது. பூமியின் உட்காந்தத்தை வரைபடமாக்குவதுதான் அதன் வேலை; நண்பகல் ஓட்டம் அதன் கண்ணில் படவில்லை. சர்வர் லாக் பார்த்தே பொழுது போகும் எனக்கு இது பழகின கதை: கருவி துல்லியமா இருக்கும், பார்க்கிற நேரம் வேற.

2000-ல் போன சாம்ப், 2013-ல் போன ஸ்வார்ம் இரண்டும் எல்லா நேரத்தையும் தொட்டன. உலகம் முழுக்க ஓட்டத்தின் படம் கிடைத்தது. ஆனால் செயற்கைக்கோள் அந்தப் பட்டையை ஒன்றிரண்டு நிமிடத்தில் தாண்டிவிடும். சில நாள் பிற்பகலில் ஓட்டம் மேற்கு நோக்கித் திரும்பும். சில மணி நேரம் அப்படியே இருக்கும். அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதைச் சொல்ல, திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் காந்தமானி வேண்டும். அதன் அளவிலிருந்து மும்பைக்கு அருகே உள்ள அலிபாக்கின் அளவைக் கழித்தால் ஓட்டத்தின் பலம் தெரியும்.

செயற்கைக்கோள் வந்த பிறகு தரை நிலையம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் கழித்தல் கணக்கே பதில்.