இரண்டு பேர் போகும் வேன், மூவாயிரம் பேர் போட்ட ரோடு

படுக்கை, அடுப்பு, குட்டியாக ஒரு சிங்க், எல்லாம் வேனுக்குள்ளேயே. ஒரு ஜோடி, நாலைந்து நாள், பக்கத்தில் கடல். இந்த மாதிரி கேம்பர்வேன் பயணத்துக்கு உலகத்தில் பெயர் போன ரோடுகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு. விக்டோரியா மாநிலத்தில் டார்கீயில் ஆரம்பித்து அலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 243 கிலோமீட்டர். அங்கேயும் நம்ம ஊர் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். மேற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம். ஆக, ஓட்டுகிறவருக்கு வளைவுகள், பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக் கடல். பாதி வழியில் சீட் மாற்றிக்கொள்ளாவிட்டால் வேனுக்குள் சண்டை நிச்சயம்!

வானிலையும் அப்படித்தான். காலையில் சுள்ளென்று வெயில், மதியம் மழை, சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத காற்று. தென்மேற்கே அண்டார்டிகா வரைக்கும் தடுக்க ஒரு துண்டு நிலம் கிடையாது. காற்று அவ்வளவு தூரத்தையும் தாண்டி வந்து நேராக இந்தக் கரையில்தான் மோதுகிறது.

இன்றைக்கு இந்த வானிலை, போட்டோ கெட்டுப்போகிற கவலை மட்டும்தான். அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்னை. 1878 ஜூன் 1-ம் தேதி, இங்கிலாந்திலிருந்து வந்த 'லாக் ஆர்ட்' கப்பல், மூடுபனியில் கரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பாறைத்தீவில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் தப்பியது இரண்டே பேர். ஒருவர் பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், இன்னொருவர் ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண். டாம்தான் அந்தப் பெண்ணை நீந்திப்போய் கரைக்கு இழுத்து வந்தார். ஊரே இவர்களுக்குக் கல்யாணம் ஆகும் என்று காத்திருந்தது (நம்ம சினிமா ரசிகர்கள் மாதிரியே). பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் அந்தக் கப்பலில் இழந்த ஈவா, சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டார். கல்யாணமெல்லாம் நடக்கவில்லை.

இவ்வளவு ஆபத்தான கடலையா நம்பினார்கள் என்று தோன்றும். வேறு வழி? லார்ன், அப்போலோ பே மாதிரி ஊர்களுக்குக் காடும் மலையும் தாண்டிப் போகும் கரடுமுரடான தடங்கள்தான் இருந்தன. சாமான்கள் பெரும்பாலும் நீராவிக் கப்பலில்தான் வந்து இறங்கின.

இனி ரோட்டுக் கதை. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியா ஏறக்குறைய 60,000 பேரைப் பறிகொடுத்தது. உயிரோடு திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். அவர்களை வைத்தே கடலோரத்தில் ஒரு ரோடு போடுவோம், அதுவே இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னமாகவும் இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. ஜீலாங் நகர மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக் ஒரு டிரஸ்ட் அமைத்து, தன் சொந்தப் பணம் 3,000 பவுண்டைப் போட்டார். 1919 செப்டம்பரில் வேலை ஆரம்பம். சுமார் 3,000 முன்னாள் சிப்பாய்கள். கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி. எட்டு மணி நேரத்துக்கு பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. தூக்கம் கூடாரத்தில். முகாமில் ஒரு பியானோவும் கிராமபோனும் இருந்ததாம். வேலையில் செத்தவர்களும் உண்டு. போரிலிருந்து தப்பி வந்து, ஊரில் பாறை சரிவில் சாவது... என்ன சொல்ல.

1924-ல் நடந்தது மட்டும் சிரிக்கக்கூடிய சங்கதி. 'கசீனோ' என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறையில் தட்டிவிட்டது. எடையைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி சரக்கையும் கடலில் தள்ளினார்கள். அலை எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்தது. கரையில் நம் சிப்பாய்கள்! இரண்டு வாரம் ரோடு வேலை நின்றுவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவன் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ரோடு முடிவதற்கு முன்பே, 1922-லேயே, ஈஸ்டர்ன் வ்யூவில் டோல் வைத்துவிட்டார்கள். காருக்கு இரண்டு ஷில்லிங். இரண்டுக்கு மேல் குதிரை பூட்டிய வண்டிக்கு பத்து ஷில்லிங். கார்க்காரனைவிட வண்டிக்காரனுக்கு ஐந்து மடங்கு! 1919 கூலிப்படி பார்த்தால், ரோடு போட்டவன் ஒரு நாள் முழுக்கப் பாறை உடைத்து வாங்கிய காசில், அதே ரோட்டில் ஐந்து தடவை காரில் போகலாம் (கார் வைத்திருந்தால்). நினைவுச்சின்னத்துக்கு நுழைவுக்கட்டணம் வாங்கினார்கள் என்று கோபமாக எழுதலாம். ஆனால் அரசாங்கம் முழுச் செலவையும் ஏற்காதபோது டிரஸ்ட்டுக்கு வேறு வருமானம் ஏது? எனக்கு டிரஸ்ட் மேல் கோபம் இல்லை. குதிரை வண்டி ரேட் மேல்தான் கோபம். 1936-ல் ரோட்டை மாநில அரசிடம் ஒப்படைத்தபோது டோல் ஒழிந்தது.

1932-தான் எல்லாம் ஒன்றாக நடந்த வருஷம். ஜூலையில் அதே கசீனோ கப்பல் அப்போலோ பே துறையருகே மூழ்கி பத்துப் பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் ஹிட்ச்காக் இதய நோயால் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் ரோடு திறப்பு விழா. ஆளுநரின் கார் முன்னால் போக, ஹிட்ச்காக்கின் கார் அவர் இல்லாமல் பின்னால் போனது.

வேன் எப்போது வந்தது என்கிறீர்களா? ஃபோக்ஸ்வாகன் தன் பெட்டி வடிவ வேனை 1950-ல்தான் தயாரிக்க ஆரம்பித்தது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. ஆஸ்திரேலியாவில் அதன் செல்லப்பெயர் கோம்பி. அலைச்சறுக்கு இளைஞர்கள் அதில் பலகையைக் கட்டிக்கொண்டு டார்கீ பக்கம் வர, 1969-ல் அந்தச் சின்ன ஊரிலேயே ரிப் கர்ல், குவிக்சில்வர் என்று இரண்டு கம்பெனிகள் முளைத்தன. இரண்டும் பிற்பாடு உலக பிராண்டுகள்.

பழைய டோல் கேட் இருந்த ஈஸ்டர்ன் வ்யூவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மர வளைவு நிற்கிறது. முன்பிருந்த வளைவு 1983 காட்டுத்தீயில் எரிந்துபோக, மறுபடி கட்டியது. பக்கத்தில், ரோடு போட்ட சிப்பாய்களுக்கு ஒரு சிலை. அதுவும் திறப்பு விழாவின் 75-வது ஆண்டில்தான் வந்தது. ஜோடிகள் வேனை ஓரங்கட்டி வளைவின் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், மழை விட்டிருந்தால்.