பங்கா கயிறு முதல் ஏர்கோன் வரை

வெயில் காலத்திற்கு வீட்டு ஏர்கோனைத் தயார்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் நாட்டில் ஏது தனியாக வெயில் காலம், ஆண்டு முழுவதும் வெயில்தானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனாலும் பருவக்காற்று மாறும் ஏப்ரல் மாதத்தையொட்டி கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவும் புழுங்கும். எல் நினோ வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ், சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆகவே தலைப்பு பொருத்தமானதுதான். ஆனால் அந்தப் பெட்டி நம் சுவருக்கு எப்படி வந்தது என்ற கதையிலிருந்து தொடங்க எனக்கு அனுமதி தாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, நகரம் செங்கல்லும் ஓடுமாக எழுந்தது. அந்தச் செங்கற்கள் வெந்த இடம் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்களுக்காக இங்கே கட்டிய வரிசை வீடுகளை 'நூறு குவார்ட்டர்ஸ்' என்றார்கள். கெட்டியான சுவரும் ஓட்டுக் கூரையும் அந்த வீடுகளுக்கு உண்டு. வெப்பம் மேலே போகவும் காற்று உள்ளே வரவும் வழி வைத்துக் கட்டும் காலம் அது. அவை இடிபட்டபோது பழைய கட்டடங்கள் போய்விட்டன என்றுதான் வருந்தினோம். மின்சாரமில்லாமல் வாழத் தெரிந்த வீடுகளும் கூடவே போனதை யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அந்தக் காற்றும் போதவில்லை. இந்தியாவில் பழகிய 'பங்கா'வை இங்கேயும் கொண்டுவந்தார்கள். கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர். மலாயாவில் அந்த வேலைக்குத் தமிழர்களையும் வைத்தார்கள். துரை தூங்க வேண்டுமானால் இவர் விழித்திருக்க வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் சாய்வு நாற்காலியில் இருப்பவரின் பெயரைப் போட்டிருப்பார்கள். கயிற்றைப் பிடித்தவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

கயிற்றுக்கு விடை கொடுத்தது மின்சாரம். அதன் தொடக்கத்திலும் ஒரு தமிழர் இருக்கிறார். 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும். இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்வு அதுதான். பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்தவர் என்று நாம் கும்பிடும் அதே தம்புசாமி பிள்ளைதான். 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு மின்விசிறி படிப்படியாகச் சாதாரண வீடுகளிலும் சுழலத் தொடங்கியது.

ஏர்கோன் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது மனிதருக்காக அல்ல, காகிதத்திற்காக! புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்த ஈரத்தை உறிஞ்சவே இயந்திரம். நம் ஊர்க் காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். அது வெளியேறும் சிறு குழாயை மறந்துவிடாதீர்கள், அதற்கு மீண்டும் வருகிறேன்.

1972இல் மட்சுஷிதா நிறுவனம் ஷா ஆலத்தில் ஏர்கோன் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் சுங்கை பூலோவின் ஓ.ஒய்.எல். உலகப் பெயர் பெற்று, 2006இல் ஜப்பானின் டைக்கின் கைக்குப் போனது. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் பெண்கள் பலர் இப்பகுதியின் மின்பொருள் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த காலம் அது. வெளிநாட்டு அறைகளைக் குளிர வைக்கும் பெட்டிகள் இங்கிருந்து கப்பலேறின.

ஒரு சொந்த அனுபவம். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி, புகைமூட்டக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். நான் அப்போது படிவம் மூன்று மாணவி. பள்ளியை மூடிவிட்டார்கள். பண்டமாரானில் பாட்டிக்கு இளைப்பு. ஜன்னலைத் திறக்க வழியில்லை. இருந்த ஒரே ஏர்கோனைத் தட்டினால் குளிர் வரவில்லை, பாட்டியின் கட்டிலில் தண்ணீர்தான் சொட்டியது. பழுது பார்ப்பவர் மூன்று நாள் கழித்து வந்தார். "கேஸ் முடிந்துவிட்டது" என்று ஊற்றி, பணம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டும் அதே கதை. கடைசியில் மாமா முன்மூடியைத் திறந்தார். உள்ளே வடிகட்டி கோணிச் சாக்கு மாதிரி இருந்தது!

கேஸ், காரின் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தை அரிப்பதால் 2015 முதல் 2.5 குதிரைசக்தி வரையிலான புதிய ஆர்-22 ஏர்கோன்களுக்கு இங்கே தடை. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், பழுது பார்ப்பவர் அந்த கேஸைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள்.

நாமே செய்யக்கூடியது சுலபம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். தினமும் ஓடும் ஏர்கோன் என்றால் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை. வெளிப்பெட்டியை மறைத்து அட்டைப் பெட்டி, பூந்தொட்டி அடுக்கியிருந்தால் அகற்றுங்கள். அந்தச் சிறு குழாயில் பாசி அடைத்தால் வீட்டுக்குள் சொட்டும். குளிர்ச் சுருளை இரசாயனத்தால் கழுவுவதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். வெப்பநிலையை 24இல் வைத்து, மின்விசிறியையும் போட்டுப் பாருங்கள். பதினாறில் வைத்துவிட்டுப் போர்வை தேடும் வீடுகளை நான் அறிவேன். ஒன்றை மட்டும் தவறாக நினைக்க வேண்டாம்: சாதாரண வடிகட்டி தூசியைப் பிடிக்கும், புகைமூட்டத்தின் நுண்துகளைப் பிடிக்காது. இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் அதற்கென்று தனிச் சுத்திகரிப்பான் வேண்டும்.

ஏப்ரலில் கூப்பிட்டால் பழுது பார்ப்பவர் கிடைப்பது கடினம். எங்கள் வீட்டுக்குப் பிப்ரவரியிலேயே ஒரு தம்பி வந்து, மூன்று மாடி ஏறி, வெளிப்பெட்டியை எட்டிப் பிடித்து வேலையை முடித்தார். இரசீதில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் பெயரைக் கேட்டு, காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.