உப்புத்தாளும் உலகப்போரும்

பழைய மரச்சாமான் எது கைக்கு வந்தாலும் நமக்கு முதல்ல தோணுறது ஒண்ணுதான். நல்லா தேச்சு, பாலிஷ் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிடணும். நாற்காலிக்கு அது சரி. போருக்குப் போய் வந்த துப்பாக்கியோட மரக்கட்டைக்கு? இதை வைத்து அமெரிக்கத் துப்பாக்கி சேகரிப்பாளர்கள் பல வருஷமா அடித்துக்கொள்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தா வார்னிஷ் சண்டை. உள்ளே போய்ப் பார்த்தா வரலாற்றுச் சண்டை.

முதல்ல பின்னணி. ராணுவம் வேண்டாம் என்று கழித்த துப்பாக்கிகள் 1950, 60களில் அமெரிக்காவில் தபாலில் வாங்கும் அளவுக்கு மலிவாகக் கிடைத்தன. கென்னடியைச் சுட்ட இத்தாலிய கர்கானோ கூட 1963இல் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்ததுதான். தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது. 1980களின் நடுவில் மறுபடி திறந்தது. சோவியத் யூனியன் சிதறிய பிறகு வந்தது பாருங்க ஒரு வெள்ளம், அதுதான் மோசின்-நகாண்ட்.

1891இல் ஜார் மன்னர் காலத்தில் பிறந்து, 1930இல் திருத்தப்பட்டு, இரண்டாம் உலகப்போர் முழுக்க செஞ்சேனையின் தோளில் தொங்கிய துப்பாக்கி இது. 2000களில்கூட அமெரிக்காவில் 100 டாலருக்குள் கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் பிசுபிசுக்கும். அதைத் துடைத்தால் செக்கச்செவேல் என்று பளபளக்கும் பிர்ச் மரக்கட்டை. வாங்கியவர்களில் பலருக்கும் அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. "ராணுவத் துப்பாக்கி இப்படியா மினுக்கும்? சுரண்டிட்டு எண்ணெய் தடவினால் ஒரிஜினல் வந்துடும்" என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்தப் பளபளப்பு ஷெல்லாக். அதாவது நம்ம ஊர் அரக்கு, ஒரு பூச்சி சுரக்கும் பிசின். போர் முடிந்ததும் சோவியத் ஆயுதக்கிடங்குகள் இந்தத் துப்பாக்கிகளை மொத்தமாகக் கழற்றி, பழுது பார்த்து, மறுபடி பூட்டின. ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் போனது. எண்கள் பொருந்தும்படி புதிதாக அடிக்கப்பட்டன. உடைந்த கட்டையில் புது மரத்துண்டை வெட்டிப் பொருத்தி ஒட்டினார்கள். கடைசியாக மேலே ஷெல்லாக். அடுத்த போர் வந்தால் எடுக்கலாம் என்று கிடங்கில் அடுக்கினார்கள். ஆக அந்தச் சிவப்பு மினுக்கு போரின் நிறமல்ல, பனிப்போரின் நிறம். அதைச் சுரண்டினால் 1943 திரும்பி வராது. 1950ஐயும் சேர்த்துத் தொலைத்தது மட்டும்தான் மிச்சம்.

இதே மோசினுக்கு ஃபின்லாந்தில் வேறு வாழ்க்கை. ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்யத் துப்பாக்கிகளின் உள்பாகங்களை எடுத்துப் புதுக் குழலும் கட்டையும் போட்டு எம்39 போன்றவற்றைச் செய்தார்கள். கட்டை வளையாமல் இருக்க, முன்பகுதியை விரல்கள் கோத்தது போல இணைத்தார்கள். அந்த இணைப்பைப் பார்த்து 'உடைஞ்சு ஒட்டினது' என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் அதன் அடையாளமே.

இஷாப்பூரில் செய்த நம்ம லீ-என்ஃபீல்டுக்கும் இதே கதை. கட்டை பிளக்காமல் இருக்க முன்பக்கத்தில் குறுக்கே ஒரு திருகாணி இறக்கியிருப்பார்கள். தெரியாதவருக்கு அது ஒட்டுவேலை, தெரிந்தவருக்கு அது பிறந்த ஊர். உத்தரப் பிரதேச போலீஸ் இந்த .303க்கு முறைப்படி விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்!

அமெரிக்க எம்1 கராண்டில் பணமும் சேர்ந்துகொள்கிறது. வால்நட் கட்டையின் இடதுபக்கம் சோதனை அதிகாரியின் முத்திரை மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் போச்சு. முத்திரை போனால் விலை சரியும். அதனால் போலி முத்திரை குத்தும் தொழிலும் நடக்கிறது. பதிவேட்டை அழித்துவிட்டுப் பிறகு கள்ளப் பதிவேடு எழுதுகிற கதை.

அப்போ கையே வைக்கக் கூடாதா? அப்படியும் இல்லை. சிப்பாயே தன் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தவன்தான். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானே இறுகும். அப்போது சூடும் வரும். அதனால் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துத்தான் காயவைக்க வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், அமுங்கிய நார்கள் ஆவியில் ஊதி மேலே வரும். நார் அறுந்திருந்தால் மட்டும் வராது. மேலே இருப்பது ஷெல்லாக்கா என்று பார்க்க, மறைவான இடத்தில் துளி ஆல்கஹால் போதும், கரைந்துவிடும்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இது பழக்கமான விஷயம். பழைய நிரலைத் திருத்தலாம், ஆனால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்கிற குறிப்பை அழிக்கக் கூடாது. துப்பாக்கிக் கட்டையில் அந்தக் குறிப்பு மரத்திலேயே இருக்கிறது. அதற்கு பேக்கப் கிடையாது.

என் கட்சி இதுதான்: அழுக்கை எடுக்கலாம், கிரீஸை எடுக்கலாம், காய்ந்த மரத்துக்கு எண்ணெய் கொடுக்கலாம். மரத்தை மட்டும் எடுக்கக் கூடாது. கிடங்கு ஊழியர் ஒட்டிய துண்டும் பூசிய அரக்கும் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கொன்ற கருவிதான், அதை அழகாக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அது எங்கெல்லாம் போய்வந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த ஒரு மில்லிமீட்டர் மேல்தோல்தான்.