பிடிபட்ட பாம்பும் வெயிலும்

வளர்ப்புப் பாம்பை வெயிலும் காற்றும் படச் சற்று வெளியே கொண்டுபோக வேண்டுமா என்னும் கேள்வி, கண்ணாடிப் பெட்டியில் மலைப்பாம்பு வளர்க்கும் இக்காலத்தவருடையது. தமிழகத்தில் பாம்பைப் பிடித்து உயிருடன் பேணிப் பிழைத்தவர்களுக்கோ, பிடித்த பாம்பை வெயிலிலிருந்து எப்படிக் காப்பது என்பதே கவலையாக இருந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த மந்தாரக்குப்பத்தில் கத்திரி வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும் நாள்களை நினைத்தால் அந்தக் கவலையின் காரணம் விளங்கும். பாம்பு தன் உடற்சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் உயிர். வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் அதனால் இயலாது. ஆகவே காலை இளவெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் அதே பாம்பு, ஒதுங்க நிழலில்லாத உச்சிவேளைத் தரையில் விரைவிலேயே மடிந்துபோகும்.

பிடிபட்ட பாம்பை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தவர்கள் பாம்பாட்டிகள். அவர்களுடைய கூடையிலிருந்து நல்லபாம்பு வெளிப்பட்டது காற்று வாங்க அன்று, கூட்டத்துக்குப் படமெடுத்துக் காட்டவே. வெளிக்காது இல்லாத அந்தப் பாம்பு ஆடியது மகுடியின் இசைக்கு என்பதைவிட அதன் அசைவுக்கு என்பதே சரி. நச்சுப்பல் பிடுங்கப்பட்டு, சில வேளைகளில் வாயும் தைக்கப்பட்ட அப்பாம்புகள் இரையெடுக்க முடியாமல், வாய் புண்ணாகி இறந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்றிருந்த தொழிலில் நெடுநாள் பராமரிப்புக்கு இடமே இருக்கவில்லை.

பாம்பைச் சிறிது காலமேனும் நலமாக வைத்திருக்க வேண்டிய தேவை இருளர் பழங்குடியினருக்குத்தான் பின்னர் வந்தது. நிலத்தில் பதிந்த தடத்தையும் வளைவாயில் கிடக்கும் சட்டையையும் எச்சத்தையும் கண்டு பாம்பின் இருப்பிடத்தைக் கணிக்கும் இம்மக்கள், 1970கள் வரை பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்றுவந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கும் நோக்கில், ஊர்வனவியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இயங்கத் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கே எடுக்கப்பட்டு, நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அந்நஞ்சைச் சிறிதளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வதே அம்மருந்து.

இருளர் சங்கத்தில் பாம்பு குடியிருப்பது வாயில் துணி கட்டிய மண்பானையில். நீர்ப்பானையைப் போலவே இதன் சுவரிலும் நுண்துளைகள் இருப்பதால் உள்ளே வெப்பம் தணிந்திருக்கும், துணி வழியே காற்றும் புகும். வளைக்குள் இருப்பதைப் போன்ற இருட்டில் பாம்பும் அடங்கிக் கிடக்கும். விலைகுறைந்த ஏற்பாடுதான் என்றாலும், வெயிலில் சூடேறும் கண்ணாடிப் பெட்டியைவிட இது அறிவார்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 3, 4 வாரங்களில் சில முறை நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வெளிக்காற்று அதற்கு மீளக் கிடைப்பது அப்போதுதான்.

வெயிலையும் நிழலையும் ஒருங்கே அளிக்க முயன்றது, 1972இல் கிண்டியில் அமைந்த பாம்புப் பண்ணை. மரமும் நீரும் பொந்தும் உள்ள திறந்த பள்ளத்தில் எங்கே கிடப்பது, எப்போது ஒதுங்குவது என்பதைப் பாம்பே முடிவுசெய்யும். கையில் ஏந்தி வெளியே கொண்டுபோகப்படும் பாம்புக்கு இல்லாமற்போவது இந்த உரிமைதான்.

மந்தாரக்குப்பத்துக் குடியிருப்புக்குள் நுழையும் நல்லபாம்பையோ சாரையையோ வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடந்தருவதில்லை. எனவே வெயில் காட்ட வேண்டுமா என்னும் கேள்வி பொருந்துவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பந்து மலைப்பாம்பு போன்றவற்றுக்கே. அவற்றை வைத்திருப்போரும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும். கதிரொளியிலுள்ள புறஊதாக் கதிர், சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் டியைத் தோலில் உண்டாக்குவது என்பதால் பாம்புக்கும் அது வேண்டும் என்ற கருத்து பரவியது. 2008இல் வெளியான ஆய்வொன்றில், அக்கதிர் பட்ட அமெரிக்கச் சோளப்பாம்புகளின் குருதியில் வைட்டமின் டி உயர்ந்தது. 2013இல் பந்து மலைப்பாம்புகளில் நடந்த ஆய்வில் அத்தகைய உயர்வு தெரியவில்லை. இரையை முழுதாக விழுங்கும் பாம்புக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்பும் ஈரலிலிருந்து வைட்டமினும் கிடைத்துவிடுகின்றன. சன்னலோரக் கண்ணாடிப் பெட்டியோ இக்கதிரைப் பெரிதும் தடுத்துவிட்டு, வெப்பத்தை மட்டும் உள்ளே தேக்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலிவளையிலும் கரையான் புற்றிலும் கிடந்து இரவில் இரைதேடும் பந்து மலைப்பாம்பை நெய்வேலிப் பக்கத்து வைகாசி வெயிலில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோவதற்கு, அதன் உடலமைப்பிலோ வாழ்முறையிலோ காரணம் எதுவும் இல்லை.